நாலாவது கிணறு

புது நொச்சிக்குளம்,
பெரம்பலூர் மாவட்டம்.

அன்பு மகள் சிந்துவுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கண்ணை மூடித் தூங்கி, நல்லபடியா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு இதைத் தொடங்குறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம்னு அடுத்த வரி வரணும், எழுத மனசு வரல, இருக்கோம்னு மட்டும் வச்சுக்கோ. எப்பவோ எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. மணிவேல் காரியம் முடிஞ்ச கையோட எழுதியிருக்கணும், பேனாவை எடுக்கிறதும் வைக்கிறதுமா நாளைக் கடத்திட்டேன். நேத்து நீ போன் பண்ணி, இன்ஸ்பெக்டர் கேட்ட வாக்குமூலத்தை அப்பா சொன்னபடியே எழுதி அனுப்பிடப் போறேன்னு சொன்னதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அதனாலதான் ஒண்ணும் எழுதாதே, ஒண்ணும் அனுப்பாதே, அம்மா கடிதம் வந்து சேரட்டும்னு மட்டும் சொல்லிட்டுப் போனை வச்சுட்டேன். அதை ஏன் போன்லயே சொல்லித் தொலைக்கலைன்னு உனக்குக் கோபம் வந்திருக்கும். போன்ல சொன்னா நீ உடனே அப்பாவைக் கூப்பிட்டு நிஜமான்னு கேப்பே, அவருக்கு ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள குரல் கம்மிடும், நீ கரைஞ்சு போயிடுவே. உனக்கு அப்பான்னா உசுருன்னு எனக்குத் தெரியாதா. கடிதம்னா அழுது முடிச்சுட்டுத் திரும்ப முதல்லேருந்து படிக்கலாம். இதை வீட்டுல உக்காந்தும் எழுதல. ஸ்கூல்ல மூணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குப் பரீட்சை, எனக்கு மேற்பார்வை, அதுங்க தலையைக் குனிஞ்சு எழுதுதுங்க, நானும் எழுதுறேன். மிஸ் உங்களுக்கும் பரீட்சையான்னு முன் பெஞ்சுல ஒரு வாண்டு கேக்குது, ஆமாடா உன் பேப்பரைப் பாத்து எழுதுன்னு சொல்லிட்டேன்.

முதல்ல வீட்டுச் சேதியைச் சொல்லிடுறேன். செந்துறை கமலவேணி அத்தை துக்கத்துக்கு வந்தவங்க கொஞ்ச நாள் கூட இருந்துட்டுப் போனாங்க. முழங்கால் வலியில படி ஏற முடியல, ஆனா அந்த வலியோடவே உன் ஜாதகத்தை எடு பாப்போம்னு ஆரம்பிச்சாங்க, படிப்பு முடியட்டும் அத்தைன்னு வாயை அடைச்சுட்டேன். எனக்கு இருபது முடியறதுக்குள்ள நீ பொறந்துட்டே. கடைசி வருஷப் பரீட்சையை உன்னை வயித்துல வச்சுக்கிட்டுத்தான் எழுதினேன், பெஞ்சு இடுக்குல நேரா உக்கார முடியாம ஒருக்களிச்சு உக்காந்து எழுதினது இன்னும் விலாவுல ஞாபகம் இருக்கு. இப்பவும் பஸ்ல நம்மளைப் பாத்து அக்கா தங்கச்சியான்னு கேக்குறாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா உனக்கு அந்த அவசரம் வேண்டாம். மக்காச்சோளம் இந்த வருஷம் பரவாயில்ல, பருத்தியில மாவுப்பூச்சி விழுந்து பாதி கருகிப்போச்சு. செவலைப் பசு கன்னு போட்டிருக்கு, கிடேரிதான், பேரு வைக்க ஆளில்லாம நிக்குது. அணையில தண்ணி எவ்வளவு கிடக்குன்னு போன மாசம் கேட்டிருந்தே. மதகுப் பக்கம் ஒரு குட்டை மாதிரி கிடக்கு, கொக்கு நின்னா முழங்கால் நனையற ஆழம், மிச்சமெல்லாம் வெடிச்ச சேறு. அணைத் தண்ணிக்குள்ள போன நம்ம பழைய ஊர்த் தெரு முழுசா வெளியே வந்துடுச்சு. நம்ம ஊர்க் கோடியில தார் ரோடு அப்படியே இறங்கித் தண்ணிக்குள்ள போயிடும், அதைப் பாத்து சின்ன வயசுல பயப்படுவியே, அது இப்ப நல்லா இறங்கி பழைய பிள்ளையார் மேடை வரைக்கும் போயி அப்புறம் மண்ணுக்குள்ள மறையுது. வீட்டு அஸ்திவாரக் கல்லு, உடைஞ்ச ஆட்டுக்கல்லு, தலையில்லாத பனை, எல்லாம் ஒரே சாம்பல் நிறமா நிக்குது. மேப்புல பழுப்புக் கோடு கோடா வளைச்சிருக்கிறதைக் காட்டி, ஒரு கோடு பூரா ஒரே உயரம்மான்னு சொல்லிக்குடுத்தே. தண்ணி இறங்கி இறங்கி நின்ன தடம் கரைமேட்டுல அதே மாதிரி வளைவு வளைவா தெரியுது. முன்னெல்லாம் அதைப் பாத்தா அழகுன்னு நினைப்பேன், இப்ப ஸ்கூல் பஸ் கரைமேல திரும்பும்போது நான் அந்தப் பக்கம் பாக்குறதில்ல.

சரி, சுத்தி வளைச்சது போதும். பொங்கலுக்கு நீ வந்தப்ப ரெண்டு மேப் கொண்டுவந்தியே, அங்கேருந்துதான் சொல்லணும். ஒண்ணு அணை வர்றதுக்கு ரொம்ப முன்னாடி அளந்தது, இன்னொண்ணு அணை வந்த பிறகு. பழசுல நொச்சிக்குளம் சிவப்புக் கட்டம் கட்டமா, கோயில், குளம், வண்டிப்பாதை, வயலுக்கு நடுவுல நீல வட்டமா கிணறுங்க, எல்லாம் இருந்துச்சு. புதுசுல அந்த இடம் பூரா ஒரே நீலம், நீலத்தோட ஓரத்துல பேருகூடப் போடாம கொஞ்சம் சிவப்புப் புள்ளி, அதுதான் நாம. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஜன்னல் வெளிச்சத்துல நீ தூக்கிக் காட்டினப்ப நீலத்துக்குள்ளேருந்து பழைய ஊரு எழுந்து வந்துச்சு, எனக்கு மேல் சிலுத்துப்போச்சு. தண்ணி வத்தினதும் அணைக்குள்ள உள்வாய்த் தரையில இறங்கி அவங்கவங்க பழைய நிலத்துல வெள்ளரியும் உளுந்தும் எள்ளும் போடுறது அணை வந்ததுலேருந்து இருக்கிற வழக்கம். நிலம் என்னமோ கவர்மென்ட்டுது, அணை ஆபீசுலேருந்து வந்து வருஷத்துக்கு ஒரு தடவை சத்தம் போட்டுட்டுப் போவாங்க, இருந்தாலும் வரப்பே இல்லாத சேத்துல ஒருத்தர் பங்குல ஒருத்தர் கால் வைக்க மாட்டாங்க. போன வருஷம் ஒரு மாடு பழைய கிணத்துச் சேத்துல இறங்கிச் செத்துப்போச்சு இல்லையா, அதனாலதான் நீ மேப்புல இருக்கிற கிணறை எல்லாம் அப்பா போன்ல புள்ளி வச்சுத் தரேன், தண்ணி இறங்கினதும் அங்கங்க கம்பு நட்டுக்குங்கன்னு கிளம்பினே. அன்னிக்கு நம்ம வீட்டுக் கூடத்துல பங்காளிங்க அத்தனை பேரும் மேப்பைச் சுத்தி உக்காந்திருந்தாங்க. அப்பாவோட பெரியப்பா வைரக்கண்ணு தாத்தா, ஏண்டி பேத்தி எங்க கொல்லையில ஒரு எலுமிச்சை நின்னுச்சே அது இருக்கா பாருன்னாரு. நம்ம ட்ராக்டர் ஓட்டுற மணிவேல் வாசப்படியில நின்னுக்கிட்டே, பாப்பா எங்க வூட்டுக் கோழிக்கூடு இதுல இருக்கா, எம்பொண்டாட்டி தினம் அதைத்தான் தேடுறான்னு சொல்லவும் எல்லாரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு அடங்கினதும் நீ கேட்டே. அப்பா, இந்த மேப் அளந்ததுக்கு அப்புறம் அணை வர்றதுக்குள்ள நம்ம நிலத்துல புதுசா யாரும் கிணறு வெட்டினீங்களா, வெட்டியிருந்தா இதுல இருக்காது, சொல்லிடுங்கன்னே. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டே. நான் காபி டம்ளரைப் பொறுக்கிக்கிட்டுப் பக்கத்துலயே நின்னேன். அப்பா சிரிச்ச முகமாவே, இல்லம்மா மூணேதான், அதான் மேப்பே சொல்லுதேன்னாரு. வைரக்கண்ணு தாத்தா வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டாரு. மத்தவங்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்களே தவிர வாயைத் தொறக்கல. ஆம்பளைங்க கூடினா இப்படித்தானேன்னு நானும் டம்ளரைக் கழுவப் போயிட்டேன்.

மாசியில சேறு இறுகினதும் அப்பாவும் மணிவேலும் போன்ல நீ வச்ச புள்ளியைப் பாத்துப் பாத்து மூணு இடத்துலயும் மூங்கில் கம்பு நட்டாங்க. துணி கட்டுறதுக்கு என் பழைய சிவப்புப் புடவையை நான்தான் கிழிச்சுக் குடுத்தேன். கம்பைக் குத்தினா அந்த மூணு இடத்துலயும் கம்பு பாட்டுக்கு உள்ள போச்சாம், மணிவேல் வந்து, அக்கா நம்ம பாப்பா அங்கேருந்தே பூமிக்குள்ள பாக்குதுக்கான்னு பெருமையா சொன்னான். உளுந்து விதைக்க உழவு ஓட்டின அன்னிக்கு நான் ஸ்கூல்ல இருந்தேன். அப்பா கரைமேல நின்னுக்கிட்டு இருந்திருக்காரு. மூணு கம்பையும் ஒதுங்கி ஒதுங்கித்தான் மணிவேல் ஓட்டியிருக்கான். கம்பு இல்லாத இடத்துல, மேலே மண்ணு காஞ்சு பாளம் பாளமா வெடிச்சு நல்ல தரை மாதிரி இருந்த இடத்துல, முன் சக்கரம் இறங்கியிருக்கு. இறங்கின வண்டி அப்படியே தலைகீழா கவுந்துடுச்சு. அடியில பூரா கரைச்ச மாவு மாதிரி சேறு. அப்பா கரையிலேருந்து உருண்டு புரண்டு ஓடியிருக்காரு, கை ரெண்டும் தோள்பட்டை வரைக்கும் சேத்துக்குள்ள விட்டுத் துழாவியிருக்காரு, அதை நான் மறைக்கல, பாத்தவங்க சொன்னாங்க. பெரம்பலூர்லேருந்து தீயணைப்பு வண்டி வந்தும் உள்வாய் மண்ணுல இறங்க முடியல, ஜேசிபி வந்து பக்கத்துல பள்ளம் பறிச்சுத்தான் எடுத்தாங்க. நான் போய்ச் சேர்ந்தப்ப மணிவேலைக் கரையில படுக்க வச்சு அவன் அப்பா பூமாலை குடத்துத் தண்ணியால முகத்தைக் கழுவிக்கிட்டு இருந்தாரு. மூக்குலேருந்து சேறு வந்துக்கிட்டே இருந்துச்சு, அவரும் கழுவிக்கிட்டே இருந்தாரு. இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுறேன்னா, போன்ல உனக்குச் சொன்னது வேற. வலிக்காமப் போயிட்டான்னு சொன்னோம். இனிமே இந்த விஷயத்துல உனக்கு யாரும் பூசி மெழுகிச் சொல்ல வேண்டாம், நானும் சேத்துத்தான்.

ஜேசிபி பறிச்ச பள்ளத்துல கிணத்துப் பக்கச்சுவர் தெரிஞ்சுது. பாறையில வெடி வைக்கத் துளை போட்ட தடம் நேர் கோடா இறங்கியிருந்துச்சு, இறங்கி ஏற வெட்டின படிகூட இருந்துச்சு. வைரக்கண்ணு தாத்தா எட்டிப் பாத்துட்டு, டேய் சுதர்சா இது நம்ம கிணறாச்சேன்னாரு. அப்பா அவர் கையைப் பிடிச்சு இழுத்தாரு. அந்த இழுப்பை நான் பாத்துட்டேன் சிந்து. காரியமெல்லாம் முடியட்டும்னு இருந்து கேட்டேன், முதல்ல எரிஞ்சு விழுந்தாரு, அப்புறம் சொன்னாரு. அணை வரப்போவுதுன்னு தெரிஞ்ச வருஷம் ஊர்ல பல பேரு அவசர அவசரமா கிணறு வெட்டியிருக்காங்க. கிணத்து நிலம்னா நஷ்டஈடு கூட வரும்னு யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்க. நம்ம வீட்டுக் கிணத்துக்கு வெடி வச்சதே அப்பாதான், அப்ப அவருக்குக் கல்யாணம் ஆகல, உங்க தாத்தா சொன்னாரு இவர் செஞ்சாரு. அதிகாரிங்க வந்து பாத்தப்ப இது ரொம்ப காலமா இருக்கிற கிணறுன்னு ஊரே சாட்சி சொல்லியிருக்கு, ஒருத்தருக்கு ஒருத்தர். நஷ்டஈடு பத்தலைன்னு போட்ட வழக்கு இன்னும் கோர்ட்டுல கிடக்கு. பழைய மேப்புல இல்லாத கிணறைப் பின்னாடி வெட்டினோம்னு ஒருத்தர் ஒத்துக்கிட்டாலும் அத்தனை பேர் வழக்கும் சாஞ்சுடும்னு பயம். அன்னிக்கு நீ கூடத்துல வச்சுக் கேட்டப்ப அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கிட்டது அதுக்குத்தான். சரி, ஊருக்கு முன்னாடி சொல்ல முடியல, மணிவேல்கிட்ட தனியாவாவது சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். சொல்லாமலே தடுத்துடலாம்னு நினைச்சேன் கீதான்னாரு. மொட்டைப் பனைக்கு அந்தாண்ட ஓட்டாதேன்னு சொல்லித்தான் இறக்கினாராம், ஏன்னு சொல்லல. கிணத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பனை நின்னது அவர் கணக்கு. அந்தப் பனை எப்பவோ தண்ணியில சாஞ்சு மண்ணுக்குள்ள போயிடுச்சு, இப்ப தெரியறது கிணத்தையும் தாண்டிக் கிழக்கால இருந்த வேற பனை. மணிவேல் சொன்ன பேச்சு மீறல, பனைக்கு இந்தாண்டதான் ஓட்டினான். கரைமேல நின்ன அப்பாவும் இன்னும் தூரம் இருக்கு இன்னும் தூரம் இருக்குன்னே பாத்துக்கிட்டு நின்னிருக்காரு.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன். போலீசுல அப்பா, அங்கே கிணறு இருக்கிறது எங்களுக்குத் தெரியாது, எம்பொண்ணு மேப் படிக்கிறா, அவ பாத்துச் சொன்னதை வச்சுத்தான் கம்பு நட்டோம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. அதுக்கு முன்னாடி பங்காளிங்க வந்து பேசினாங்க. வைரக்கண்ணு தாத்தாதான் யோசனை சொன்னது. செத்தவன் திரும்பி வரப்போறதில்ல, மேப்பு மேல போட்டுட்டா யாருக்கும் நட்டமில்ல, காகிதம் என்ன கோவிச்சுக்கவா போவுதுன்னாரு. காகிதத்துக்குப் பின்னாடி ஒரு பொண்ணு இருக்கா மாமான்னு நான் சமையக்கட்டுலேருந்து சொன்னேன். சின்ன வயசு, அதைக் கேஸுல எல்லாம் இழுக்க மாட்டாங்க, நீ காபியைக் கொண்டான்னாங்க. கடைசியில இழுத்துத்தான் விட்டாங்க. உன்னை அப்பா எழுதச் சொல்லியிருக்கிற வரி என்ன, நாலாவது கிணறு மேப்புல இருந்ததை நான் சரியா கவனிக்காம விட்டுட்டேன்னு. இல்லாத கிணறு இருந்துச்சாம், அதை நீ விட்டுட்டியாம். அதுல நீ கையெழுத்துப் போட்டா இந்த ஊர்ல செத்த ஒரு உசுருக்கு நீதான் காரணம்னு உன் கைப்படவே எழுதிக் குடுத்ததா ஆயிடும். மேப் போடுற வேலைக்குன்னே படிக்கிற பிள்ளை, உன் பேருக்குப் பக்கத்துல அது எந்நாளும் நிக்கும். மணிவேல் சம்சாரம் பிரவீணா உனக்கு அனுப்பின குரல் பதிவை நானும் கேட்டேன், நீ படிச்ச பிள்ளைன்னு நம்பித்தானே பாப்பா அவரு கம்பு நட்டாருன்னு அவ அழுதது. அதைக் கேட்டதுலேருந்து நீ சாப்பிடறதில்ல, வகுப்புக்கும் சரியா போறதில்ல, படிப்பை விட்டுட்டு வந்துடுறேங்கிறேன்னு உன் கூட இருக்கிற பொண்ணு எனக்குச் சொல்லிடுச்சு, அதுமேல கோபப்படாதே. நல்லாக் கேட்டுக்கோ சிந்து. உன் மேப் தப்பில்ல. நீ வச்ச புள்ளியில ஒண்ணுகூட தப்பில்ல. கேக்க வேண்டியதைக் கேக்க வேண்டிய ஆளுகிட்ட நீ கேட்டே. பதில்தான் பொய்யா வந்துச்சு.

நேத்து உன்கிட்ட பேசி முடிச்ச கையோட கரைக்குக் கீழே கீழக்காட்டுக்குப் போயிட்டு வந்தேன், பிரவீணாவைப் பாக்க. தனியாத்தான் போனேன். அவ வாசல்ல உக்காந்து பருத்திக் காயிலேருந்து பஞ்சு எடுத்துக்கிட்டு இருந்தா, சின்னது அவ முதுகுல தொத்திக்கிட்டு இருந்துச்சு. நாம போனா எழுந்து நிக்கிறவரு பூமாலை, எத்தனை தடவை உக்காருங்கன்னாலும் உக்கார மாட்டாரு, நேத்து எழுந்திரிக்கல. எனக்கு அதுவே பரவாயில்லைன்னு இருந்துச்சு. நடந்ததை ஒண்ணு விடாம சொன்னேன், கிணறு யாரு வெட்டினது, எதுக்கு வெட்டினது, நீ கேட்டது, அப்பா சொன்னது, பனை மாறிப்போனது எல்லாம். பிரவீணா அழுவா, மண்ணை வாரித் தூத்துவான்னு நினைச்சுக்கிட்டுப் போனேன். அவ கையை நிறுத்தாம பஞ்சைப் பிரிச்சுக்கிட்டே, ஏக்கா அவரு ஓட்டும்போது உங்க வூட்டுக்காரரு கரைமேலதானே நின்னாருன்னு கேட்டா. ஆமான்னேன். கூப்புட்டா காதுல விழுற தூரந்தானேன்னா. ஆமான்னேன். சும்மா, நிறுத்துடா மணிவேலுன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா நின்னிருப்பாருல்ல, அவரு என்ன ஏன்னு எதிர்க் கேள்வி கேக்குற ஆளான்னா. அவன் கேக்கமாட்டான், அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அப்புறம், பாவம் பாப்பாவைப் பேசிட்டேனேன்னுட்டு சின்னதை முதுகுலேருந்து இறக்கி மடியில வச்சுக்கிட்டா. நான் எழுந்து வரும்போது பூமாலை மட்டும், ஏம்மா இதை ஸ்டேஷன்ல சொல்லுவீங்களா இல்ல எங்க வாசல்லயே சொல்லிட்டுப் போயிடுவீங்களான்னு கேட்டாரு. குத்தலாத்தான் கேட்டாரு, கேக்கட்டும். உள்வாய் நிலம் கவர்மென்ட் நிலம், உங்க பையன் தானா போயி விழுந்தான்னு ஏற்கெனவே அணை ஆபீசுல அவருகிட்ட சொல்லி அனுப்பிட்டாங்களாம். சொல்லுவேன் ஐயான்னு சொல்லிட்டு வந்தேன்.

நேத்து வீடு திரும்பினதும் அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், ஒளிச்சு மறைச்சுச் செய்யல. நாளைக்கு ஸ்கூல் விட்டதும் பெரம்பலூர் போயி நான் கண்ணால பாத்ததையும் காதால கேட்டதையும் எழுதிக் குடுக்கப் போறேங்கன்னேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தவரு வாளியைக் கீழே வச்சுட்டு, அப்ப நான் உள்ள போயிடுவேன் கீதான்னாரு. தெரியுங்கன்னேன். சிந்துவுக்காகவாவது யோசின்னாரு. அவளுக்காகத்தாங்கன்னேன். சோறு போட்டேன், சாப்பிட்டாரு, தட்டைக் கழுவி வச்சுட்டுப் படுத்துட்டாரு. அவர் கெட்ட மனுஷன் இல்ல சிந்து, அவரோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின எனக்கு அது தெரியும், ஆனா அதைச் சொல்லி பிரவீணா வாசல்ல நான் நிக்க முடியாது. பங்காளிங்க நம்மளை ஒதுக்கி வைப்பாங்க, நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டாங்க, வழக்கைக் கெடுத்தவன்னு எம்பேரைச் சொல்லித் திட்டுவாங்க. எனக்குப் பயமா இல்லாம இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன், இத்தனைக்கும் நடுவுல நம்ம தெருவுல ரெண்டு பொம்பளைங்க தண்ணி எடுக்குற இடத்துல என்னை ஒதுக்குப்புறமா கூப்பிட்டு, எங்க கிணறு இந்த இடத்துல இருக்கு, எங்க வூட்டு ஆம்பளைக்குத் தெரிய வேண்டாம், கம்பு மட்டும் எப்படியாவது நட்டுடுன்னாங்க. அந்தச் சேத்துக்குள்ள இன்னும் எத்தனை கிணறு வாயைத் தொறந்துக்கிட்டு இருக்கோ. அவங்க சொன்ன அடையாளத்தை உனக்குத் தனியா அனுப்புறேன், புள்ளி வச்சுக் குடு, அது உன்னாலதான் முடியும். அதுக்காகவாவது படிப்பை விடுறேங்கிற பேச்சை எடுக்காதே.

நீ எழுத வேண்டியதை நான் சொல்லித் தரமாட்டேன், அப்பா சொல்லித் தந்தது போதும். கூடத்துல நீ என்ன கேட்டே, அவர் என்ன சொன்னாரு, யார் யார் இருந்தாங்க, அதை உள்ளபடி எழுது. பனைக்கு அந்தாண்ட ஓட்டாதேன்னு அவர் மணிவேலை எச்சரிச்சதை நான் என் வாக்குமூலத்துல சொல்றேன், அது அவருக்குச் சேர வேண்டியது, அதையும் நான் விட மாட்டேன். அவர் மேல இருக்கிற கோபத்துல ஒரு சொல்லு கூடவும் வேண்டாம், பாசத்துல ஒரு சொல்லு குறையவும் வேண்டாம். பிரவீணாகிட்ட இப்போதைக்கு நீ பேசாதே, அவளா பேசினா பேசு. முதல்ல ஏதாவது சாப்பிடு, அங்கே ரொட்டி தொண்டையில இறங்கலைன்னா தயிரு வாங்கிச் சோத்துல பிசைஞ்சு சாப்பிடு. தலைக்குக் குளிச்சா நல்லா துவட்டு, அந்த ஊர்க் குளிரு நம்ம உடம்புக்கு ஆகாது. பரீட்சை மணி அடிக்கப் போவுது, பேப்பரை வாங்கணும். சாமி உன்னைக் கைவிடாது, என் தங்கம், நூறு வருஷம் நல்லா இரு, நெஞ்சுல பாரமில்லாம இரு, அதுதான் நான் உனக்குத் தர்ற ஆசீர்வாதம். ஒண்ணே ஒண்ணை மறந்துடாதே. அப்பாவுக்குப் போன் பண்ணு, கண்டிப்பா பண்ணு, நீ கூப்பிட மாட்டியோன்னு அவர் போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. ஆனா வாக்குமூலத்தைத் தபால்ல சேத்துட்டு வந்து, அதுக்கப்புறம் பண்ணு.

இப்படிக்கு,
உன்னையே நினைச்சுக்கிட்டு இருக்கிற அம்மா,
சு. கீதாஞ்சலி